சிலை ஏன் கீழே விழவில்லை? அருங்காட்சியகத் தாங்கிகளின் கதை

மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு ஆண்டு 5 மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். ஜுருவில் நெடுஞ்சாலை ஏறினால் சுங்கை பட்டாணியைத் தாண்டிச் சீக்கிரமே போய்விடலாம். வழக்கம்போல ஒரு கேள்வித்தாள் தயாரித்து எல்லார் கையிலும் கொடுத்திருந்தேன். கடாரம் எங்கே இருந்தது, சண்டி என்றால் என்ன, எந்த நூற்றாண்டு என்கிற மாதிரி கேள்விகள். பசங்க எழுதிக்கொண்டே நகர்ந்தார்கள். ஒரு பையன் மட்டும் எதுவும் எழுதாமல், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர், இது ஏன் கீழ விழல?"

உடைந்த ஒரு சுடுமண் துண்டு. அந்தரத்தில் நிற்பது போல இருந்தது. அவன் நின்ற கோணத்தில் போய்ப் பார்த்த பிறகுதான் பின்னால் ஒரு மெல்லிய கம்பி தெரிந்தது. துண்டின் நிறத்திலேயே அதற்கும் வண்ணம் பூசியிருந்தார்கள். அந்த இடத்துக்கு நான் நான்கைந்து முறை போயிருக்கிறேன். அந்தக் கம்பி ஒருமுறைகூட என் கண்ணில் பட்டதில்லை.

"பிடிச்சு வெச்சிருக்காங்கப்பா, வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் விடவில்லை. "எங்கப்பா பிறையில இந்த மாதிரிதான் டீச்சர் செய்வாரு. ஃபேக்டரில சாமான் ஆடாம பிடிக்கிறதுக்கு" என்றான்.

அவன் கேள்விக்குப் பதில் தேடி வாசித்ததையும், எங்கள் பள்ளியில் நான் செய்த ஒரு தவற்றையும் சக ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன். அருங்காட்சியகப் பயணம் போகிறவர்களுக்கும், பள்ளியில் பாரம்பரிய மூலை வைத்திருப்பவர்களுக்கும் உதவலாம்.

ஒரு பொருளின் உருவத்துக்கு ஏற்றபடி உலோகத்தில் அளவெடுத்துச் செய்து, அதைப் பேழைக்குள் நிறுத்தி வைக்கும் சாதனத்தை இந்தக் கட்டுரையில் 'தாங்கி' என்று சொல்கிறேன். நமக்குப் புதிய சொல் இல்லை. இடிதாங்கி இருக்கிறது. தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட சுமைதாங்கிக் கல் இருக்கிறது. கோயிலில் உற்சவரைத் தோளில் சுமப்பவர்களுக்கே ஸ்ரீபாதம் தாங்கிகள் என்றுதான் பெயர்.

சுவரில் புதைத்த கற்கள்

தாங்கியின் அருமை, அது இல்லாமல் போன இடத்தில்தான் நன்றாகத் தெரியும். அதற்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் அமராவதிச் சிற்பங்களை விடப் பெரிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அமராவதி இன்றைய ஆந்திராவில், கிருஷ்ணா நதிக்கரையில் இருக்கிறது. அங்கே ஒரு மாபெரும் பௌத்தத் தூபி இருந்தது. கி.மு. காலத்தில் தொடங்கி, சாதவாகனர் காலத்தில் பெரிதாக வளர்ந்தது. வெளிறிய பச்சை கலந்த சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய பலகைகள் அதைச் சுற்றிப் போர்த்தியிருந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் ஜமீந்தார் கட்டடக் கல்லுக்காக அந்த மேட்டைத் தோண்ட, கர்னல் காலின் மெக்கன்சி வந்து பார்த்தார். 1816இல் திரும்பவும் வந்து அளந்து படம் வரைந்தார். 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்து ஏராளமான கற்களை எடுத்து சென்னைக்கு அனுப்பினார். அவை பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859இல் அவற்றில் 121 கற்கள் கப்பலேறி லண்டன் போயின. அங்கேயும் உடனே மரியாதை கிடைத்துவிடவில்லை. 1860களில் ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற கட்டடக்கலை ஆய்வாளர் போய்ப் பார்த்தபோது அவை ஒரு வண்டிக் கொட்டகையில் கிடந்தன. 1880இல்தான் பிரிட்டிஷ் மியூசியம் போய்ச் சேர்ந்தன.

சென்னையில் தங்கிய கற்களுக்கும், பின்னால் அமராவதியிலிருந்து வந்து சேர்ந்த கற்களுக்கும் என்ன ஆனது என்பதுதான் நமக்கு வேண்டிய பகுதி. 1880களில் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் பிடி, கற்களை இனிமேலும் தரையில் போட்டு வைக்கக்கூடாது என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். அவற்றைக் கூடத்தின் சுவரில் வரிசையாக நிறுத்தி, போர்ட்லண்ட் சிமெண்டால் பதித்துவிட்டார். போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1824இல். அந்தக் காலத்துக்கு அது நவீனப் பொருள், அசைக்க முடியாத உறுதி. தொல்லியல் துறையின் ஜேம்ஸ் பர்ஜெஸ் இதை எதிர்த்தார். கேட்பார் இல்லை.

சிமெண்டில் பதித்தால் என்ன கெட்டுப்போச்சு என்று மாணவர்கள் கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். விழாமல் நிற்கிறதே! ஆனால் சிமெண்டில் நீரில் கரையும் உப்புகள் உண்டு. சுவரில் ஈரம் ஏறும்போது அந்த உப்பும் கரைந்து கல்லுக்குள் போகிறது. ஈரம் காயும்போது உப்பு கல்லின் தோலுக்கு அடியில் படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும், அதனால் தோலைத் தள்ளுகிறது. நம் வீட்டுக் குளியலறைச் சுவரில் வெள்ளை பூத்து, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிருமே, அதேதான். சுவரில் உதிர்ந்தால் திரும்பப் பூசலாம். சிற்பத்தின் முகத்தில் உதிர்ந்தால் அந்த முகம் போனது போனதுதான்.

இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்புக்கல்லை விடச் சிமெண்டு கடினமானது. பெயர்த்து எடுக்கலாம் என்று உளியை வைத்தால் சிமெண்டுக்கு முன்னால் கல் உடையும். நல்லெண்ணத்தோடு செய்த ஒரு காரியத்தை நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எளிதில் திருத்த முடியவில்லை.

ஒரு கல், இரண்டு முகம்

லண்டனுக்குப் போன அமராவதிக் கற்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. முதலில், ஏறத்தாழ கி.மு. 1ஆம் நூற்றாண்டில், அதன் ஒரு பக்கத்தில் போதி மரத்தையும் அதன் அடியில் வெற்று ஆசனத்தையும் வணங்கும் மக்களைச் செதுக்கினார்கள். புத்தரை மனித உருவில் காட்டாத காலம் அது. பிறகு கி.பி. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் தூபியைப் புதுப்பித்தபோது அதே பலகையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் தூபியின் முழு உருவத்தையே செதுக்கினார்கள். அமராவதித் தூபி முழுமையாக இருந்தபோது எப்படித் தோன்றியிருக்கும் என்று நாம் கற்பனை செய்வதற்கு இந்த மாதிரிப் பலகைகள்தான் ஆதாரம்.

அந்தக் கல்லையும் சுவரில் பதித்திருந்தால்? முந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட சமய வரலாற்றில் ஒரு பாதி சுவருக்குள் போயிருக்கும். அப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. கல்லைச் சுவரிலிருந்து விலக்கி, கீழே இரண்டு இடத்திலும் மேலே ஒரு இடத்திலும் உலோகத்தால் பிடித்து நிறுத்தினால் முன்னும் பின்னும் சுற்றி வந்து பார்க்கலாம். ஒரு கம்பியை எங்கே வைப்பது என்பது, நம் பிள்ளைகள் வரலாற்றில் எதைப் பார்க்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

நம் செபராங் பிறைக்கும் இதே மாதிரி ஒரு கல்லின் கதை உண்டு. 1834இல் கேப்டன் ஜேம்ஸ் லோ இங்கே வடபகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். தூபியின் உருவம் செதுக்கிய பலகை அது. இரக்தமிருத்திகை என்ற ஊரைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தனின் பெயர் அதில் இருக்கிறது. மகாநாவிகன் என்றால் பெரிய கப்பல் தலைவன். காலம் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு. கல்கத்தாவின் ஆசியக் கழகத்துக்கு லோ அதைக் கொடுத்துவிட்டார். இன்று கொல்கத்தாவில் இந்தியன் மியூசியத்தில் இருக்கிறது. அதே லோ 1845இல் புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக் குன் பாறை எழுத்துகளையும் பார்த்தார். அது பெரும் பாறை. யாராலும் தூக்கிப் போக முடியவில்லை, இன்றைக்கும் செயிண்ட் ஆன் தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது. தூக்க முடிந்தது கடல் கடந்து போனது, தூக்க முடியாதது நமக்கு மிஞ்சியது. ஜுருவிலிருந்து பக்கம்தான். பெற்றோர் அனுமதிக் கடிதத்தோடு அரை நாளில் போய் வந்துவிடலாம்.

இரும்பால் வந்த வினை

சிமெண்டு வேண்டாம், உலோகத்தால் பிடிப்போம் என்றால் எந்த உலோகம்? இதற்கு ஏதென்ஸ் நகரம் பெரிய விலை கொடுத்துப் பாடம் படித்தது. பார்த்தெனான் கோயிலைக் கட்டிய பழைய கிரேக்கர்கள் கற்களை இரும்புக் கவ்விகளால் இணைத்தார்கள். ஆனால் கவ்வியைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். காற்றும் நீரும் இரும்பைத் தொடாது, அதிர்ந்தாலும் ஈயம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். 1898க்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே சீரமைப்பு செய்த நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் ஈயப் பூச்சு இல்லாமலே நிறைய இரும்பை உள்ளே வைத்தார். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். உள்ளிருந்து பருத்து, சலவைக்கல்லை வெடிக்க வைத்தது. 1975இல் அக்ரோபோலிஸ் பாதுகாப்புக் குழு அமைந்து, அந்த இரும்பை எல்லாம் வெளியே எடுத்து டைட்டானியம் வைக்கும் வேலை தொடங்கியது. அது பல பத்தாண்டுகள் இழுத்தது.

ஈரக்காற்று நிறைந்த பினாங்கில் இருக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். வீட்டு கேட்டைப் பார்த்தாலே போதும்.

ஸ்தபதி முன்கூட்டியே வைத்த துளை

இந்த வரலாற்றில் எனக்குப் பெருமையாக இருந்த பகுதிக்கு வருகிறேன். சோழர் காலச் செப்புத் திருமேனிகளைச் செய்த ஸ்தபதிகள், சிலை எப்படி நிற்கும், எப்படி நகரும் என்பதை மெழுகில் உருவம் பிடிக்கும்போதே யோசித்துவிட்டார்கள்.

மூலவர் கல். கருவறையை விட்டு நகர மாட்டார். உற்சவர் உலோகம். ஊர்வலம் போக வேண்டும். அதனால் திருமேனியின் காலடியில் தாமரைப் பீடம், அதன் கீழே சதுரப் பீடம், அந்தப் பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். தண்டு நுழைக்கவும் கயிறு போட்டு இறுக்கவும்தான் அவை. பீடத்தின் இரு பக்கமும் திருவாசியைச் செருகுவதற்கு இடம் இருக்கும். திருவாசி தனியே கழன்று வரும். பழுது பார்க்க வேண்டுமா, மெருகேற்ற வேண்டுமா, கழற்றலாம், மாட்டலாம். சாமியின் மேனியில் ஓர் இடத்திலும் கயிறு உரசாது. தாங்குவது எல்லாம் பீடம்தான்.

தைப்பூசத்தில் வெள்ளி ரதத்தைப் பார்க்காத பிள்ளை நம் பக்கம் கிடையாது. ஆனால் பட்டும் மாலையும் மூடியிருப்பதால் பீடத்தை யாரும் பார்ப்பதில்லை. அருங்காட்சியகத்தில் அலங்காரம் இல்லை, அதனால் துளை தெரியும். செப்புச் சிலையைப் படத்தில் காட்டும்போது முகத்தைக் காட்டி முடித்துவிடாமல் கீழே பீடத்தையும் காட்டுங்கள். "இந்த ஓட்டை எதுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு "உண்டியல்" என்றது என் வகுப்பில்.

தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் இருக்கிறார். கி.பி. 1011ஐச் சேர்ந்தவர். 1950களின் தொடக்கத்தில் திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சிலைகளில் ஒன்று. தலையில் பாம்பு சுற்றிய தலைப்பாகை, ஒரு காலைக் குறுக்கே வைத்து ஒயிலாக நிற்கிறார், ஒரு கை பக்கத்தில் எதன் மேலோ சாய்ந்திருக்கிறது. அங்கே காளை நின்றது. இன்று காளை இல்லை. கை மட்டும் காற்றில் இருக்கிறது. ஒரு நண்பர் சொன்னார், கம்பியில் காளையின் கோட்டுருவம் செய்து வைத்தால் பிள்ளைகளுக்குப் புரியுமே என்று. எனக்கு உடன்பாடில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பிள்ளை "என்னமோ குறையுதே" என்று கேட்கட்டும், அப்போது காளையைச் சொல்லிக்கொள்ளலாம்.

மண்ணுக்குள் கிடந்த செம்புக்கு ஒரு நோயும் உண்டு. மண்ணில் இருக்கும் குளோரைடு உப்பு உலோகத்துக்குள் ஏறிவிடும். வெளியே எடுத்து ஈரக்காற்று பட்டதும் வெளிர் பச்சைப் பொடியாகப் பூத்து, உலோகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். வெண்கல நோய் என்கிறார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் 1930களில் எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் இதற்குச் சிகிச்சை செய்தார். தொல்பொருள் பாதுகாப்பை ஆய்வுக்கூட வேலையாக இந்தியாவில் நிலைநிறுத்திய முன்னோடிகளில் அவர் ஒருவர். நம் அறிவியல் ஆசிரியர்கள் அவர் பெயரை வகுப்பில் சொல்லலாம். தாங்கி செய்பவருக்கும் இந்த நோய் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் தாங்கியில் தவறான பொருளைச் சுற்றினால் அதுவே நோயைக் கிளப்பிவிடும்.

எப்படிச் செய்கிறார்கள்

மாணவனின் தந்தையிடம் போய்க் கேட்டேன். "அண்ணா, இந்த மாதிரி ஒன்னு செய்யணும்னா எங்க ஆரம்பிப்பீங்க?" அவர் முதலில் கேட்டது, "எடை எவ்ளோ டீச்சர்? எந்தப் பக்கம் சாயும்?" என்பதுதான். நான் வாசித்த அருங்காட்சியக நூல்களும் அங்கேதான் தொடங்குகின்றன.

பொருளின் எடை மையம் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே இரண்டு பிடிகள் எடையைச் சுமக்கும். மேலே ஒரு பிடி, முன்னால் சாயாமல் தடுக்க மட்டும். அதை இறுக்கவே கூடாது, தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். மூன்று புள்ளிகளில் நின்றால் ஆடாது. முக்காலி ஆடாதது போல. பொருளில் ஏற்கெனவே விரிசல் இருக்கிறதா, ஒட்டுப் போட்ட இடம் எது, பழைய வண்ணம் எங்கே மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, அந்த இடங்களைத் தவிர்க்க வேண்டும்.

பிறகு அளவு. மெல்லிய ஈயக் கம்பியைப் பொருளின் மேல் மெதுவாக வளைத்து உருவம் எடுப்பார்கள். அந்த வடிவத்தைப் பார்த்துப் பித்தளைக் கம்பியைத் தனியே வளைப்பார்கள். பித்தளை நன்றாக வளையும், ஓரளவு எடையும் தாங்கும். பெரிய கல் என்றால் துருப்பிடிக்காத எஃகு. கம்பியைப் பொருளின் மேல் வைத்து வளைக்கவே கூடாது, தட்டவும் கூடாது. வைத்துப் பார், எடு, கொஞ்சம் வளை, அரத்தால் தேய், திரும்ப வைத்துப் பார். ஒரு சின்னத் தாங்கிக்கே ஐம்பது தடவை இப்படி நடக்குமாம். சிற்பத்துக்கு ஏற்றபடி கம்பிதான் வளைய வேண்டும்.

துண்டுகளை இணைக்க வெள்ளி கலந்த பற்றாசு. நகைக் கடையில் பத்தர் செய்யும் அதே வேலை. பற்றாசுப் பொடியை வைத்து ஊதி இணைப்பார்கள். 'பொடி வைத்துப் பேசுவது' என்ற மரபுத்தொடர் இந்தப் பொடியிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். வெளியே தெரியாமல் உள்ளே ஒன்றைச் சேர்ப்பது. தாங்கியின் நுனியில் இருக்கும் நகங்களும் மோதிரத்தில் கல்லைப் பிடிக்கும் நகங்கள் போலத்தான். லிட்டில் இந்தியா நகைக்கடைக் கண்ணாடி முன்னால் பிள்ளைகளை ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும், புரிந்துவிடும்.

நகம் பொருளைத் தொடும் இடத்தில் மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும். ரப்பர்தானே மெத்தென்று இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ரப்பர் நாட்டுக்காரி இல்லையா! ஆனால் பதப்படுத்திய ரப்பரில் கந்தகம் இருக்கிறது. வெள்ளியைக் கறுக்க வைக்கும். கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு. பிவிசி நெகிழியிலிருந்து நாளடைவில் அமில ஆவி வரும், அதில் குளோரின் இருப்பதால் வெண்கலத்துக்கு ஆகாது. பாலியெத்திலீன் நுரை, பாலியெஸ்டர் துணி போன்றவைதான் பயன்படும். இதைச் சோதிக்கவே ஒரு முறை உண்டு. 1973இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி அறிமுகப்படுத்தினார். சந்தேகப்படும் பொருளோடு வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளைக் கொஞ்சம் நீரும் வைத்து மூடி, 60 பாகை வெப்பத்தில் 28 நாள் வைப்பார்கள். எந்த உலோகம் நிறம் மாறினாலும் அந்தப் பொருளுக்கு அனுமதி இல்லை. வகுப்பில் எளிதாகச் செய்யலாம். பழைய வெள்ளிக் கொலுசு மணி ஒன்றை ரப்பர் பேண்டால் சுற்றிப் புட்டியில் மூடி வையுங்கள், இன்னொன்றை வெறுமனே வையுங்கள். சில வாரத்தில் பிள்ளைகளே வித்தியாசம் சொல்வார்கள்.

கடைசியில், பொருளின் நிறத்துக்கு ஏற்ப வண்ணம். ஆற்று மண் நிறம், பாசி நிறம் என்று நகத்துக்கு நகம் வேறு. நன்றாகச் செய்தால் தாங்கி கண்ணிலேயே படாது. நல்ல வேலையை யாரும் பாராட்டாத தொழில், நம் தொழில் மாதிரி என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க வேலையும் அப்படித்தான் டீச்சர். உடைஞ்சாத்தான் யார் செஞ்சதுன்னு கேப்பாங்க."

நிலநடுக்க நாடுகளில் இதைத் தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் கெட்டி அருங்காட்சியகம் பேழையின் அடியிலேயே அதிர்வை வாங்கிக்கொள்ளும் அமைப்புகளை வைத்திருக்கிறது. நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். சுமத்ரா அதிர்ந்தால் பினாங்கு அடுக்குமாடியில் தொங்கும் விளக்கு ஆடுகிறது. அது இல்லாவிட்டாலும் தினமும் கனரக லாரிகள் போகிற சாலை ஓரத்தில் நம் பள்ளிகள் எத்தனை இருக்கின்றன!

பாட்டியின் மங்கு

இப்போது என் தவறு. எங்கள் பள்ளியில் ஒரு பாரம்பரிய மூலை உண்டு. அரிக்கேன் விளக்கு, அம்மிக் குழவி, பால் வெட்டும் கத்தி எல்லாம் பெற்றோர் கொடுத்தவை. ஒரு மாணவியின் பாட்டி, தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் வைத்திருந்த மங்கு ஒன்றைக் கொடுத்தார். பளபளப்புப் பூசிய மண் மங்கு. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது வீட்டிலிருந்து எடுத்து வந்த சாமான்களில் அது ஒன்று.

எல்லார் கண்ணிலும் படட்டும் என்று, குளூ கன்னால் பசையை உருக்கி அதைப் பலகையில் நெட்டுக்குத்தாக ஒட்டினேன். அழகாகத்தான் இருந்தது. பள்ளி விடுமுறையில் மூடிக் கிடந்த அறையின் சூட்டில் பசை இளகி, மங்கு விழுந்து இரண்டாகிவிட்டது. ஒட்டிய இடத்தில் பளபளப்பும் பசையோடு பெயர்ந்து வந்துவிட்டது. நான் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, உடைந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். டாக்டர் பிடியைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

பள்ளி விழாவுக்குப் பாட்டி வந்தார். நேராக அந்த மூலைக்குப் போய் மங்கை எடுத்துத் திருப்பினார். நான் பக்கத்தில் நின்றேன், பேச்சே வரவில்லை.

"ஒடஞ்சு போச்சா டீச்சரம்மா. சரி, மண்ணுதானே" என்றார். விரலால் அந்த ஒட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "ஆமா, இத என்னாத்துக்கு ஒட்டுனீங்க? மங்க யாராச்சும் ஒட்டுவாங்களா? மரத்துல கம்பியில்ல போட்டு வெப்போம்."

அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது. சின்ன வயதில் எத்தனை மரத்தில் பார்த்திருக்கிறேன்! ரப்பர் மரத்தைச் சுற்றி ஒரு கம்பி. அந்தக் கம்பியில் சுருள் இருக்கும், மரம் பருக்கப் பருக்க அது நெகிழ்ந்து கொடுக்கும், மரத்தை அறுக்காது. முன்னால் ஒரு வளையம். அதில் மங்கு உட்காரும். காலையில் வெட்டிவிட்டுப் போவார்கள், பால் சேர்ந்ததும் வந்து மங்கைத் தூக்கி வாளியில் ஊற்றிவிட்டுத் திரும்ப வளையத்தில் வைப்பார்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரம். இருட்டு விலகும் முன்பே தொடங்கும் வேலையில், கம்பியை விட்டுக் கழற்ற ஒரு வினாடிக்கு மேல் ஆகாத பிடி.

மாணவனின் தந்தை அதே மாதிரியில் பித்தளையில் ஒரு வளையம் செய்து கொடுத்தார். பாட்டி சொல்லச் சொல்ல வளைவைத் திருத்தினார். "இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க தம்பி, பால் இந்தப் பக்கம் வழியும்" என்று அவர் சொன்னதை அப்படியே செய்தார். உள்ளே மெல்லிய பாலியெத்திலீன் நுரை வைத்தோம். உடைந்த ஒட்டின் மேல் எடை படாதபடி வளையம் ஒட்டுக்குக் கீழே பிடித்தது. பலகையில் ஆணி அடிக்காமல் இரண்டு திருகாணியில் நிறுத்தினோம். ஒட்டு தெரியும் பக்கத்தை இந்தத் தடவை முன்னால் வைத்தேன்.

எல்லாம் முடிந்ததும் பாட்டி அதன் முன்னால் போய் நின்றார். யாரும் சொல்லாமலே வளையத்திலிருந்து மங்கைத் தூக்கினார், இடது பக்கம் வாளி இருப்பது போல ஒரு சாய்ப்புச் சாய்த்தார், விரலால் உள்ளே ஒருமுறை வழித்தார், திரும்ப வைத்தார். சுற்றி நின்ற பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக அதைச் செய்து பார்த்தார்கள்.